குரங்கு கடித்த எரு

எங்கள் வீட்டில் குற்றாலம் போவதென்றால் எனக்கு ஒரே ஒரு வேலைதான். பைகளைப் பார்த்துக்கொள்வது. கல்யாணமான புதிதில் அருவிக்கு முன்னால் நின்றுகொண்டு, "நீங்க எல்லாரும் குளிங்க, பையை நான் பார்த்துக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்தேன். அதோடு சரி. என் மனைவி வீட்டார் அதைப் பட்டமாகவே கட்டிவிட்டார்கள். விசேஷ வீடுகளில் யாருக்காவது என்னை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் வேலை, படிப்பு எதையும் சொல்வதில்லை. "நம்ம பை பாத்துக்கிடுத மாப்பிள்ளை" என்றால் போதும், தென்காசி முழுக்கத் தெரியும்.

நான் என்ன செய்ய? வேலூர்க்காரன். எங்கள் ஊரில் ஆறு என்றால் மணல், தண்ணீர் என்றால் லாரி. வெந்நீர் இல்லாமல் மே மாதத்தில்கூட நான் குளித்ததில்லை. இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், மலையிலிருந்து தலைமேல் தண்ணீர் விழுகிற ஊரில் பெண் எடுக்க வைத்துவிட்டார்கள்.

மனைவி பெயர் உலகம்மாள். சென்னையில் அவள் அலுவலகத்தில் உமா. ரயில் தென்காசியில் நின்று, அவள் காலைப் பிளாட்பாரத்தில் வைத்ததும் உலகம்மாளாகிவிடுவாள். குரல் ஒரு சுற்று பெருத்துவிடும். எங்களுக்கு ஒரே மகள், குழலி. ஒன்றாம் வகுப்பு. இந்தத் தை மாதம் நாங்கள் ஊருக்குப் போனதே குழலியின் சிறுவீட்டுப் பொங்கலுக்காகத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கல்யாணத்துக்கு முன் தெரியாது. மார்கழியில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து அதன் தலையில் பூ வைப்பார்கள் இல்லையா, திருநெல்வேலிப் பக்கத்தில் அதைத் தூக்கிப் போடுவதில்லை. பூவோடு சேர்த்துத் தட்டிக் காய வைக்கிறார்கள். நாம் வறட்டி என்பது அங்கே எரு. மாதம் முழுக்கச் சேர்த்து வைத்து, பெரிய பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாள் முற்றத்தில் மண்ணால் குட்டி வீடு கட்டி, பெண் பிள்ளைகள் அதன் முன்னால் குட்டிப் பானையில் பொங்கல் வைப்பார்கள். பிறகு பொங்கலையும் பூ எருவையும் ஆற்றில் விடுவார்கள். விடும்போது சேர்த்ததெல்லாம் போக வேண்டும். ஒன்றுகூடக் கையில் மிஞ்சக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குழலிக்கு இதுதான் முதல் வருஷம். அந்தச் சட்டத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சென்னையில், நாலாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே சாணி உருண்டை வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருப் பால்காரர் வீட்டுக்குத் தினமும் காலையில் ஒரு டிபன் பாக்ஸோடு போய் நின்றவன் நான்தான். பூசணிப்பூவுக்கு எங்கே போக? மொட்டைமாடித் தொட்டியில் பூத்த செம்பருத்தியை வைத்தோம். அடுத்து, காய வைக்க வெயில் வேண்டும். எங்கள் பால்கனியில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அப்போதுதான் உலகம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. பால்கனியில் ஏசியின் வெளிப்பெட்டி இருக்கிறது, ஏசி ஓடினால் அதிலிருந்து சூடான காற்று வரும், எருவை அதன் முன்னால் அடுக்கிவிடலாம்.

ஆக, எரு காய்வதற்காக மார்கழி மாதம் முழுக்க நாங்கள் ஏசி போட்டுக்கொண்டு தூங்கினோம். இரண்டு போர்வை, ஒரு மங்கி குல்லா. வெளியே எரு கதகதப்பாக இருந்தது. உள்ளே நான் விறைத்துக் கிடந்தேன்.

நடுவில் உலகம்மாளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், எரு தட்டும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தட்டியது ஊத்தப்பம் மாதிரி பெரிதாக, ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் ஒல்லியாக வந்தது. பூ நடுவில் நிற்காமல் ஓரத்துக்குப் போய்விட்டது. குழலி அதற்கு 'அப்பா எரு' என்று பெயர் வைத்து எல்லாவற்றுக்கும் மேலே அடுக்கினாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

வியாழன் ராத்திரி ரயிலில் எருப் பை குழலியின் தலைமாட்டில் வந்தது. மஞ்சள் துணிப்பை. எதிர் சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் பையைக் கண்டுபிடித்தார். நாட்டு மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதற்கு என்றார். குளிருக்கு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கிடைத்த முதல் காலிப் படுக்கைக்கு மாறிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு என் மைத்துனன் சங்கரன் வந்திருந்தான். உலகம்மாளுக்குத் தம்பி. வயலும் தென்னையும் பார்த்துக்கொண்டு, குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன லோடு வண்டியும் ஓட்டுகிறான். வீடு மேலகரத்தில், சிற்றாற்றுக்கு நடந்தே போய்விடலாம். சங்கரன் மனைவி கோமதி எனக்காக மத்தியானம் சொதியும் இஞ்சித் துவையலும் செய்திருந்தாள். தேங்காய்ப்பால் இத்தனை ஊற்றி ஒரு குழம்பை வேலூரில் வைத்தால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

சங்கரன் மகள் வடிவு, மூன்றாம் வகுப்பு படிக்கிறவள், தன் எருக்களை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி வட்டம். நடுவில் மஞ்சளாகப் பூசணிப்பூ. குழலி தன் பையைக் கவிழ்த்தாள். வடிவு அப்பா எருவை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது எருவா தோசையா?"

"எங்க அப்பா தட்டினது" என்றாள் குழலி, விறைப்பாக.

ரயிலில் கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கும் என்று கோமதி அவற்றை முற்றத்து வெயிலில் பரப்பினாள். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அடுத்த வீட்டு ஆடு வந்து, ஒரு எருவிலிருந்த காய்ந்த செம்பருத்தியை மட்டும் பதமாகக் கடித்து எடுத்துவிட்டது. எருவுக்கு ஒன்றுமில்லை, தலைதான் மொட்டை. வடிவுதான் ஓடிப்போய் ஒரு பூசணிப்பூவைக் கொண்டுவந்து ஈரச் சாணியைத் தொட்டு ஒட்டிக் கொடுத்தாள். ஆனால் குழலி அன்றிலிருந்து யாரையும் நம்பவில்லை. குளிக்கப் போனாலும் பை, தூங்கப் போனாலும் பை.

அதனால்தான் சனிக்கிழமை ஐந்தருவிக்கு அந்தப் பையும் எங்களோடு வந்தது.

வருஷா வருஷம் சிறுவீட்டுக்கு முதல் நாள் எல்லோருமாக அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது அந்த வீட்டு வழக்கம். குட்டி யானையின் பின்னால் ஜமுக்காளம் விரித்து, தூக்குச்சட்டிகளுக்கு நடுவில் நாங்கள் உட்கார்ந்தோம். புளிச்சோறு, கொள்ளில் அரைத்த காணத்துவையல், கூழ்வத்தல். கண்ணுக்கெட்டிய வரை மலையில் மேகம் இறங்கியிருந்தது. சென்னையில் இப்படி வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனால் வீடு காலி செய்கிறார்கள் என்று நினைப்பார்கள். இங்கே எதிரே வந்த வண்டியிலும் ஒரு குடும்பம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டு வண்டிகளும் நின்றன. அங்கே தண்ணீர் எப்படி விழுது என்று சங்கரன் கேட்டான். ஆனி ஆடியில் விழுகிற மாதிரி இல்லை, ஆனாலும் தலையில் போட்டால் ஆளைத் தள்ளுது என்று பதில் வந்தது. நான் தூக்குச்சட்டிகளுக்கு இடையில் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

ஐந்தருவியில் நான் வழக்கம்போல வண்டியருகில் காவலுக்கு நின்றேன். உலகம்மாளும் கோமதியும் வடிவும் பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். குழலி மட்டும் போகவில்லை. இந்த வருஷம் அவள் பெரிய தாரையில் நிற்கப் போகிறாளாம், ஆனால் அப்பா வந்து கையைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்பாளாம். எனக்குப் பை பார்க்கும் வேலை இருக்கிறது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பயமா இருந்தா சொல்லிரு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆறு வயசுப் பிள்ளையிடம் இதைக் கேட்ட பிறகு மனுஷன் எப்படி நிற்பது? எருப் பையை வண்டிக் கம்பியில் மாட்டி, அதன் காதைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டேன். வேட்டியை அவிழ்த்துத் துண்டைக் கட்டினேன். சங்கரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, எங்கள் பின்னாலேயே வந்தான்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் எனக்கு மூச்சு நின்றது. கத்தினேன். குழலியும் கத்தினாள். என் கையைப் பிடித்திருந்தது அவளா, அவள் கையைப் பிடித்திருந்தது நானா என்று தெரியவில்லை. தோளில் யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் குளிர் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, இன்னும் உள்ளே போகச் சொல்லி முதுகில் கைவைத்துத் தள்ளினார். போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், பிடித்திருந்தது. இத்தனை வருஷம் பையோடு வெளியே நின்றிருக்கிறேனே என்று எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்து பார்த்தால் கம்பியில் என் மூன்று முடிச்சும் கல் மாதிரி இருந்தன. பையின் காதும் இருந்தது. பைதான் இல்லை.

சிப்ஸ் கடையின் தகரக் கூரையில் ஒரு குரங்கு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நல்ல வாட்டசாட்டமான கிழட்டுக் கடுவன்.

குழலி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நாளைக்கு எதை விடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

மாதம் முழுக்க மங்கி குல்லா போட்டுக்கொண்டு தூங்கியவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்? கடைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் ஏறினேன். ஈரத் துண்டோடு, கையை நீட்டிக்கொண்டு, குரங்கிடம் மரியாதையாகவே பேசிப் பார்த்தேன். அது பையைத் தூக்கி இன்னும் மேலே வைத்துக்கொண்டது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. செல்போனா என்றார் ஒருவர். நகை என்றார் இன்னொருவர். ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியவராம், பாஸ்போர்ட் உள்ளே இருக்காம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் அடித்துச் சொன்னது. ஐயோ பாவம் என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

சங்கரன் கீழே இருந்து, "அத்தான், அது தானா தந்துரும். நீங்க கீழ இறங்குங்க, துண்டு அவுறப் போவுது" என்று கெஞ்சினான்.

கடைக்காரர் என்னை நேராகக் கேட்டார், அப்படி என்னதான் சார் உள்ளே என்று. என் மானம் அங்கேயே கப்பலேறிக்கொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எரு" என்றேன்.

இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். சென்னையாக இருந்தால் இந்நேரம் வீடியோ ஊர் சுற்றியிருக்கும். ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருந்த ஓர் அம்மா முன்னால் வந்து குழலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சிறுவீட்டு எருவா? நாளைக்கு விடணும்லா? அதை முதல்லயே சொல்லப்படாதா?"

அவ்வளவுதான். நகை என்றபோது வேடிக்கை பார்த்த கூட்டம், எரு என்றதும் வேலையில் இறங்கிவிட்டது. கடைக்காரர் தொங்கிய குலையிலிருந்து பழத்தைச் சீப்போடு பிய்த்தார். ஒருவர் கொய்யா எறிந்தார். யாரோ ஒரு பொட்டலம் நேந்திரங்காய்ச் சிப்ஸைப் பிரித்துக் கூரையில் வீசினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து தலை சொட்டச் சொட்ட வந்த உலகம்மாள், பெஞ்சின் மேல் துண்டோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் தூக்குச்சட்டியைத் திறந்து எங்கள் கூழ்வத்தலையே அள்ளி எறிந்தாள். குரங்கு எல்லாவற்றையும் ஒரு கையால் வாங்கித் தின்றது. இன்னொரு கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இத்தனை பேர் இத்தனை பண்டம் கொடுத்துக் கேட்கிறார்கள் என்றால் பைக்குள் பெரிய சமாச்சாரம் இருக்கிறது என்று அதற்கும் பட்டிருக்க வேண்டும்.

கடைசியில் வயிறு நிறைந்து, சாவகாசமாகப் பைக்குள் கையை விட்டது. மேலாக இருந்ததை எடுத்தது. அப்பா எரு. முகர்ந்து பார்க்காமல் ஓரத்தில் ஒரு கடி கடித்தது.

அந்த முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கூட்டத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்தது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதை ஏமாற்றிவிட்ட மாதிரி. எருவை விட்டெறிந்தது. பையையும் உதறிவிட்டு மரத்துக்குத் தாவியது. எரு கடை முன்னால் கட்டியிருந்த தார்ப்பாயில் விழுந்து உருண்டது, ஈரத்தலை அம்மா அதை முந்தானையில் பிடித்தாள். பையை சங்கரன் பிடித்தான். கூட்டம் கை தட்டியது. நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன், துண்டும் கடைசிவரை மானத்தைக் காப்பாற்றியது.

குழலி தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. சிலவற்றுக்கு ஓரம் உதிர்ந்திருந்தது. அப்பா எருவில் மட்டும் பல் தடம் வரிசையாக இருந்தது.

பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றபோது இதே பேச்சு. எச்சில் பட்டதை ஆற்றில் விடலாமா என்று கோமதிக்குச் சந்தேகம். ஆஞ்சநேயர் கடித்தால் அது எச்சில் கணக்கில் வராது என்றாள் உலகம்மாள். ஆஞ்சநேயர் துப்பிவிட்டாரே என்றாள் வடிவு. நான் இன்னொரு தடவை சோறு போட்டுக்கொண்டேன். அருவியில் நின்று வந்தவனுக்கு வருகிற பசி எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காய்ந்த உடம்போடு நான் அங்கே இத்தனை வருஷம் தின்றதெல்லாம் சும்மா. குழலி மட்டும் முடிவாகச் சொல்லிவிட்டாள், எல்லாம் போக வேண்டும், அதுவும் போக வேண்டும்.

ஞாயிறு காலை முற்றத்தில் சங்கரன் இரண்டு பிள்ளைகளுக்கும் மண்ணைக் குழைத்து முழ உயரத்தில் சிறுவீடு கட்டிக் கொடுத்தான். வாசல், அடுப்படி, சாமி அறை எல்லாம் உண்டு. குழலி தன் வீட்டின் வெளிச்சுவரில் ஒரு மண் கட்டியை ஒட்டினாள். அது என்ன என்று கேட்டான். ஏசி பெட்டி என்றாள். எரு காய வேண்டாமா?

உள்ளங்கையளவு பானையில் பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். பொங்கலையும் எருவையும் எடுத்துக்கொண்டு சிற்றாற்றுக்கு நடந்தோம். தெருவில் இன்னும் நாலைந்து பெண் பிள்ளைகள், புதுப் பாவாடையும் கையில் எருவுமாக வந்து சேர்ந்துகொண்டார்கள். ஐந்தருவிக் கதை எங்களுக்கு முன்னாலேயே படித்துறைக்குப் போயிருந்தது. இந்தா, குரங்கு கடிச்ச எரு வருது என்று வழிவிட்டார்கள். குழலி நிமிர்ந்து நடந்தாள்.

வாழை மட்டைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் எருவை அடுக்கி, இலையில் பொங்கல் வைத்து, சூடம் ஏற்றி விட வேண்டும். வடிவின் தெப்பம் வழுக்கிக்கொண்டு போனது. மற்றப் பிள்ளைகளுடையதும் போனது. குழலியுடையது கொஞ்ச தூரம் போய், ஒருபக்கமாகச் சாய்ந்து, வட்டமடித்துப் படிக்கே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. என் எரு கனம், அதுவும் ஒரு பக்கக் கனம். தட்டியவன் லட்சணம் அப்படி.

"ஏட்டி குழலி, அந்தப் பெரிய எருவ எடுத்துரு. மத்ததெல்லாம் போயிரும்லா" என்றாள் கோமதி, நல்ல எண்ணத்தில்தான்.

குழலி எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் தெப்பம் திரும்பி வந்து படியில் முட்டி நின்றது. சூடம் அணையப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு உதடு துடித்தது. குரங்கிடம் அழாத பிள்ளை. எல்லோருடையதும் போய்விட்டது, தான் சேர்த்ததும் அப்பா தட்டியதும் மட்டும் போகவில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டினேனா என்றுகூட நினைவில்லை. விசேஷத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டி. காலை இளங்குளிரில் ஆற்றுத் தண்ணீர் கணுக்காலைக் கடித்தது, முழங்காலைக் கடித்தது. இடுப்பு வரை வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டேன். தெப்பத்தின் தடித்த பக்கத்தை உள்ளங்கையில் தாங்கி, நடு ஆற்றில் இழுப்பு இருக்கும் இடம் வரை நடத்திக்கொண்டு போய் விட்டேன். ஒரு கணம் தயங்கியது. பிறகு ஒருச்சாய்ந்தபடியே, கோணல் மாணலாக, ஆனால் போனது. கரையில் குலவை எழுந்தது. நாணல் புதர் தாண்டி வளைவில் திரும்பும்வரை சூடம் எரிந்தது.

உலகம்மாள் காதறுந்த மஞ்சள் பையைப் படியிலிருந்து எடுத்து, பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்து நீட்டினாள். இனி மற்றவர்கள் ஆற்றில் இறங்கி முங்குவார்கள், நான் கரையேறிப் பைக்குக் காவல் நிற்பேன். அதுதானே வழக்கம்.

நான் கரைப் பக்கம் ஓரடி வைத்தேன். அதற்குள் குழலி குறுக்கே வந்து அம்மா கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். மூன்று நாளில் ஊர்ப் பேச்சு நாக்கில் ஏறியிருந்தது.

"பைய நான் பாத்துக்கிடுதேன்மா. அப்பா கொஞ்ச நேரம் அங்கனயே நிக்கட்டும்."

படியில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாத அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.